உறங்கக் கற்ற கருவி

நாம் இணையத்தில் அனுப்பும் செய்தி, சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கின்றது. ஒவ்வொரு பொட்டலத்திற்கும் வழிகாட்டுவது 'திசைவி' என்னும் கருவியாகும். அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஊழியரைப் போன்றது அது.

ஆயின், திசைவி இரவும் பகலும் விழித்திருக்கின்றது. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் அது கொள்ளும் மின்சாரம் பெரிதும் குறைவதில்லை. 10 வாட் கொள்ளும் திசைவி ஒன்று, ஓராண்டில் ஏறத்தாழ 88 யூனிட் மின்சாரத்தைச் செலவழிக்கின்றது. நம் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு, இயற்கை எரிவாயுவை எரித்தே பெறப்படுகின்றது. அதனால் எழும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகின்றது.

இக்குறையைப் போக்கவே, 2010 ஆம் ஆண்டில் பொறியாளர்கள் 'ஐ.இ.இ.இ. 802.3ஏஇசட்' என்னும் நெறிமுறையை வகுத்தனர். அதனைப் பின்பற்றும் கருவிகளில், செய்தி வராத வேளையில் கம்பி இணைப்பு கண்ணயர்கின்றது. செய்தி வந்ததும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் விழித்துக்கொள்கின்றது.

உயிரற்ற கருவியே வேலையில்லாப் பொழுதில் உறங்கக் கற்றுவிட்டது. யாருமில்லா வகுப்பறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுச் செல்லும் நாம் எப்பொழுது கற்போம்? அறையை விட்டு நீங்குமுன் விசையை நிறுத்துவோமாக!