பேச வைக்காத பாடம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் பயிற்றுவித்தவன் நான். பாடக் குறிப்பு எழுதுவது அந்நாள்களில் எனக்குச் சுமையாக இருந்ததே இல்லை. ஓய்வு பெற்ற பின், ஜப்பானில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் வேண்டிக்கொண்டதால், ஒசாகாவிலுள்ள கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை இணையவழியில் ஆங்கில உரையாடல் கற்பிக்க ஒப்புக்கொண்டேன். இங்கு மாலை நான்கரை மணி என்றால் அங்கு இரவு எட்டு மணி. அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு நாள்கள் தயாரித்தும், வகுப்பு உயிரற்றுக் கிடந்தது.

அவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். 1987-இல் தொடங்கிய 'ஜெட்' திட்டத்தின் வழியே வெளிநாட்டு இளைஞர்கள் ஜப்பானியப் பள்ளிகளில் உதவி மொழியாசிரியர்களாகப் பணியாற்றி வருகின்றனர். 2020 ஏப்ரல் முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகி, ஆண்டுக்கு 70 பாடவேளைகள் பெற்றது. என் மாணவர்கள் அதற்கு முந்தைய தலைமுறையினர். நுழைவுத் தேர்வுக்காகக் கடினமான பத்திகளை வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தேறியவர்கள். படித்துப் புரிந்துகொள்வார்கள். வாய் மட்டும் திறக்க மாட்டார்கள்.

நான் செய்ததெல்லாம் என்ன? பணவீக்கம், யென்னின் மதிப்பு, முதியோர் பெருகும் சமூகம் என்று அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும் தலைப்புகளாகத் தேடி எடுத்தேன். படங்களும் வரைபடங்களும் சேர்த்தேன். நாற்பது நிமிடம் விளக்கிவிட்டு, 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டேன். திரையில் பன்னிரண்டு முகங்களும் பணிவோடு தலையசைத்தன. ஐந்தாம் வாரம் ஒரு மாணவி விலகிக்கொண்டார். 'நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் நான் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் வகுப்பை விட்டுப் போகிறேன்' என்று அவர் எழுதியிருந்தார். மூன்று தசாப்தங்களில் எந்த மாணவரும் என்னிடம் சொல்லாதது அது. சொல்ல நினைத்தவர்கள் இருந்திருக்கக் கூடும்.

விடை தேடியபோது, அது நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. என்.எஸ். பிரபு என்னும் மொழியறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னார். கவனம் கணக்கில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. உலகெங்கும் இன்று பேசப்படும் பணிவழிக் கற்பித்தலுக்கு முன்னோடி அது. அவர் பணிகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குக் கடத்துவது, உள்ள தகவலிலிருந்து புதியதை ஊகித்தறிவது, சொந்தக் கருத்தைச் சொல்வது. இரண்டாவதே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது என்றார் அவர். நானோ மூன்றாவதிலிருந்து தொடங்கியிருந்தேன்! பிறர் முன்னிலையில் கருத்துக் கூறத் தயங்கும் மாணவர்களிடம் முதல் நாளே கருத்துக் கேட்டது என் பிழை.

அடுத்த வாரம் சென்னை - மதுரை ரயில் அட்டவணையைப் பாதிப் பேருக்கும், கட்டணப் பட்டியலை மீதிப் பேருக்கும் அனுப்பினேன். ஒருவர் காலையில் புறப்பட்டு, திருச்சியில் நண்பரை இரண்டு மணி நேரம் சந்தித்து, இரவுக்குள் மதுரை சேர வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும். எந்த ரயில்? இருபது நிமிடத்துக்கு நான் பேசவே வாய்ப்பில்லை. செலவு முக்கியமா, நேரமா என்று இருவர் வாதிட்டபோது, பொருளாதாரப் பேராசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழன் என்பதில் எனக்கொரு சாதகமும் இருந்தது. 'வதாஷி வா மிசே நி இகிமஷிதா' என்றால் 'நான் கடைக்குப் போனேன்'. 'மிசே' கடை, 'நி' நம் நான்காம் வேற்றுமை உருபு, வினை கடைசியில். சொல் வரிசை அப்படியே நம்முடையது. 'எ', 'தி' என்னும் சுட்டிடைச் சொற்கள் அவர்களுக்கும் இல்லை. அவர்கள் எங்கே இடறுவார்கள் என்பதை என் சொந்தத் தடுமாற்றங்களே காட்டிக்கொடுத்தன. முதலில் 'ஒரு ரயில்' என்று அறிமுகமாகி, பிறகு 'அந்த ரயில்' என்று குறிக்கப்படும் இடம் அட்டவணைக் கணக்கில் தானாகவே வந்துவிடுகிறது; விதி சொல்லத் தேவையில்லை. ஒரு மாணவர் தாம் 'மேன்ஷனில்' வசிப்பதாகச் சொன்னபோது மட்டும் ஏமாந்தேன். பெரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன். ஜப்பானில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதுவே பெயராம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இருவர் இன்றும் விடையை மட்டும் சொல்லிவிட்டு அடங்கிவிடுகின்றனர். ஒரு நல்ல கணக்கை உருவாக்க, பழைய இரண்டு நாள்களுக்குப் பதில் இப்போது மூன்று நாள்கள் ஆகின்றன. விலகிச் சென்ற அந்த மாணவிக்குப் புதிய அட்டவணை ஒன்றைச் சென்ற வாரம் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.