தோண்டும் மண்ணில் ஊருக்கு என்ன பங்கு?

நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வெள்ளைச் சாமான் வார்க்கும் நாட்களில் மூட்டை மூட்டையாக ஒரு தூள் வந்து இறங்கும். அதன் பெயர் டைட்டானியம் டை ஒக்சைட். சுவருக்குப் பூசும் பெயின்ற், கடதாசி, பிளாஸ்டிக் என்று பலவற்றுக்கும் வெண்மை கொடுப்பது இதுதான். இந்த வெள்ளைத் தூள் பிறப்பதோ கறுப்பு மணலில். அந்த மணல் உலகிலேயே மிகச் செறிவாகக் கிடக்கும் கரைகளில் ஒன்று எங்கள் புல்மோட்டை.

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது புல்மோட்டை. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் மீன்பிடித்து, வயல் செய்து வாழ்ந்தார்கள். 1957ஆம் ஆண்டு கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் மணலிலிருந்து பிரிக்கப்பட்டுக் கப்பலேறின. 1992இல் கூட்டுத்தாபனம் கம்பனியாக மாறியது. ஆனாலும் அதன் உரிமை முழுவதும் அரசிடமே இருக்கிறது. ஊரவர்களுக்குக் கிடைப்பது வேலையும், கம்பனி மனம் வைத்துச் செய்யும் உதவிகளும்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் இல்லை.

காங்கேசன்துறையை வலிகாமத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுற்றுவட்டாரத்துச் சுண்ணக்கல்லும் முருங்கன் களிமண்ணும் போயின. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது உண்மை. 1990இல் யுத்தத்தோடு அது நின்றது. கல் தோண்டிய பள்ளங்கள் மிஞ்சின.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அதற்குள் கிடக்கும் கனியம் அரசுக்கே சொந்தம்.

பனி நாட்டு மக்கள் செய்தது

உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் அலாஸ்காவில், வடதுருவ வட்டத்துக்கும் அப்பால், இனுப்பியாக் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். திமிங்கிலம், கடல்நாய், கரிபூ மான், மீன் இவைதான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தவை. 1971இல் அமெரிக்க அரசு அலாஸ்காப் பழங்குடிகளின் காணி உரிமைக் கோரிக்கையைச் சட்டமாகத் தீர்த்தது. 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலமும் ஏறத்தாழ 96 கோடி டொலரும் கொடுக்கப்பட்டன. நிலத்தை நிர்வகிக்க, பழங்குடி மக்களே பங்குதாரராக உள்ள 12 வட்டாரக் கம்பனிகள் எழுந்தன. வடமேற்கில் இனுப்பியாக் மக்களுக்குரிய கம்பனியின் பெயர் நானா.

நானாவின் நிலத்தில் ரெட் டோக் என்ற இடத்தில் துத்தநாகம் கிடந்தது. தகரம் துருப்பிடிக்காமல் பூசுகிறோமே, அந்த உலோகம். 1982இல் நானா கொமின்கோ என்ற கனடாக் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதியது. தோண்டத் தொடங்கியது 1989இல். அதாவது பங்கு முதலில் எழுதப்பட்டது, மண்வெட்டி பிறகுதான் இறங்கியது. போட்ட முதல் திரும்பும்வரை நானாவுக்குச் சிறிய பங்கு. 2007 முதல் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 25. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து ஐந்தாகக் கூடி, 50 வரை போகும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் நானா பங்குதாரருக்கு முதலிடம்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஒரு வட்டாரக் கம்பனிக்கு நிலக்கனியத்தால் வரும் வருமானத்தில் நூற்றுக்கு 70 பங்கு 12 வட்டாரங்களுக்கும் பகிரப்படவேண்டும். கனியம் இல்லாத வட்டாரத்து மக்களும் பட்டினி கிடக்கக்கூடாது என்பதே நோக்கம்.

உள்ளூராட்சிக்கு வரும் காசு

இல்ஃபோர்டில் நாங்கள் கட்டும் கவுன்சில் வரியிலிருந்து ரெட்பிரிட்ஜ் கவுன்சில் குப்பை எடுக்கிறது, நூலகம் நடத்துகிறது. வீடுகள் நெருங்கிய ஊரில் இது சரிவரும். ஆனால் ரெட் டோக் இருக்கும் வடமேற்கு ஆர்க்டிக் உள்ளூராட்சி பரப்பில் இலங்கையைவிடப் பெரியது. மக்களோ எட்டாயிரம் பேர்கூட இல்லை. 11 ஊர்களுக்கும் பள்ளிக்கூடம் நடத்த யாரிடம் வரி கேட்பது? 1986இல் உருவான இந்த உள்ளூராட்சியின் வரவில் பெரும்பங்கு, வரிக்குப் பதிலாகச் சுரங்கக் கம்பனி கட்டும் தொகைதான்.

அதுவும் சும்மா வந்ததல்ல. உள்ளூராட்சி புதிய சுரங்க வரி ஒன்றை விதித்தபோது, 2016இல் கம்பனி வழக்குப் போட்டது. 2017இல் இரு பகுதியும் இணங்கிப் பத்து ஆண்டு ஒப்பந்தம் எழுதின. ஊர்களின் முன்னேற்றத்துக்குத் தனி நிதியும் அதில் வந்தது.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லமாட்டேன். சுரங்கத்தின் கழிவுநீர் சேரும் ஆற்றின் கீழே கிவலினா என்ற சிறிய ஊர் இருக்கிறது. குடிநீரையும் மீனையும் பற்றிய பயத்தால் 2004இல் அந்த ஊரவர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2008இல் அது இணக்கத்தில் முடிந்தது. மான் கூட்டம் கடக்கும்போது சுரங்கப் பாதையில் லொறிகளை நிறுத்தவும் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் இப்போது தோண்டும் கனியம் 2031 அளவில் தீரும் என்கிறார்கள். ஒரே சுரங்கத்தை நம்பிய உள்ளூராட்சிக்கு அதுதான் இன்று பெரிய கவலை.

இந்தியாவிலும் 2015இல் சட்டம் திருத்தி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் கனிய நிதி அமைத்தார்கள். முன்பே குத்தகை எடுத்தவர்கள் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்கு மேலதிகமாக, அந்தத் தொகையின் நூற்றுக்கு 30 வரை பாதிக்கப்பட்ட மக்களுக்காகக் கட்டவேண்டும். ஏலத்தில் புதிதாக எடுத்தவர்களுக்கு அது 10.

எங்கள் ஊரிலும் தொழில் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அதை மறுப்பவன் நானல்ல. ஆனால் தோண்ட வருபவரிடம் கேட்கவேண்டியவை மூன்று: ஊருக்கு எத்தனை வீதம்? அது எழுத்தில் உண்டா? கிணற்றுத் தண்ணீர் உப்பானால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, சுகம் விசாரித்த பிறகு, உங்கள் பிரதேச சபைக்கு மணலாலும் கல்லாலும் என்ன வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.