மனையும் ஓர் ஆய்வுக்கூடமே

"சோறாக்கக் கத்துக்க எதுக்குடி பெங்களூருக்கு ரயிலேறிப் போவணும்?"

முதுகலை வகுப்பில் நான் சேர்ந்த அன்று என் ஆயா கேட்ட கேள்வி இது. ஆயாவை மட்டும் குறை சொல்வானேன்? நம் மன்றத்து நண்பர்கள் பலரும் இதையே சற்று நாகரிகமாகக் கேட்கின்றனர். "மனையியலில் எம். எஸ்ஸி.யா? அதில் ஆராய என்ன இருக்கிறது?" அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் கோரமண்டல் பகுதியைச் சேர்ந்தவள். என் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்தவர்கள். தமிழர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கித் தங்கம் எடுத்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நான் பிறந்தது அதற்குப் பின்னர்தான். சுரங்கம் மூடியும் ஊர் அழியவில்லை. விடியற்காலை வண்டியில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவோர் பல்லாயிரவர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். தாதுவின் தரத்தையும் சுரங்கத்தின் ஆழத்தையும் கணக்கிட்டு அறிஞர்கள் எழுதிய நூல்கள் உண்டு. சுருங்கிய வருவாயையும், கிடைத்த தண்ணீரையும், மிஞ்சிய நேரத்தையும் கொண்டு எங்கள் லைன் வீடுகள் எப்படிப் பிழைத்தன? அதைக் கணக்கிடவும் ஓர் அறிவியல் வேண்டுமல்லவா? அதுவே மனையியல்.

இக்கல்விக்கு வித்திட்டவர் அமெரிக்க நாட்டு வேதியியல் அறிஞர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873-இல் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. தாதுப் பொருள்களைப் பகுத்தாய்ந்த அவர், 1879-இல் அந்நாட்டுச் சுரங்கப் பொறியாளர் கழகத்தின் முதற்பெண் உறுப்பினரானார். பின்னர் அதே வேதியியலைக் குடிநீர்க்கும் உணவுக்கும் கொண்டு வந்தார். 1899-இல் லேக் பிளாசிட் என்னுமிடத்தில் கூடிய மாநாட்டில் இத்துறை உருப்பெற்றது. தாதுவை ஆய்ந்த கையே அடுக்களைத் தண்ணீரையும் ஆய்ந்தது என்று படித்தபோது, சுரங்க ஊர்ப் பெண்ணான எனக்குப் பெருமிதம் பொங்கியது.

நம் நாட்டில் டில்லி லேடி இர்வின் கல்லூரி 1932-இல் தொடங்கிற்று. கோவையில் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957-இல் நிறுவிய மனையியல் கல்லூரி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. அதன் முதல் துணைவேந்தர் இராஜம்மாள் தேவதாஸ், ஓஹியோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஊட்டச்சத்து ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்ற தமிழ்ப் பெண்மணி. இன்று பல பல்கலைக் கழகங்கள் இத்துறையின் பெயரையே மாற்றியுள்ளன. பரோடாவில் இது 'குடும்ப, சமுதாய அறிவியல் புலம்' எனப்படுகிறது. பெயர் எதுவாயினும் பிரிவுகள் பெரும்பாலும் ஐந்து: உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, துணியும் ஆடையும், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி. நுகர்வோர் அறிவு நான்காவதனுள் அடங்கும்.

இனி, இக்கல்வி என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டைக் கொண்டே காட்டுகிறேன்.

முதலாவது தண்ணீர். என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அவனுடைய முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. அதனால் அவன் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. "சரியாகப் பல் துலக்குவதில்லை" என்று அவனை எத்தனை முறை ஏசியிருக்கிறோம்! ஆழ்குழாய்க் கிணற்று நீரை அம்மா நாள்தோறும் கொதிக்க வைத்தே கொடுப்பார்கள். செய்முறை வகுப்பிற்காக அந்நீரை ஒரு புட்டியில் கொண்டு சென்று சோதித்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற ஃபுளோரைடு வரம்பை அது தாண்டியிருந்தது. கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் இது அறியப்பட்ட குறையே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஏற்பட்ட கறை, துலக்கினால் மறையாது. அன்று தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இதனோடு உணவும் சேர்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலில் ஃபுளோரைடின் கேடு மிகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. கேழ்வரகு விளையும் சீமையிலிருந்துகொண்டு, களி ஏழை உணவென்று நாங்கள் அதைக் கைவிட்டிருந்தோம்! இப்போது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. முறையில் வடித்த நீரை வாங்குகிறோம். வாரத்தில் நான்கு நாள் களி. ஆயாவுக்கு அதில் மட்டற்ற மகிழ்ச்சி.

இரண்டாவது பணம். என் படிப்புச் செலவுக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. "நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிதானே" என்பார் அப்பா. அது திங்கள் வட்டி. ஆண்டுக்கு 24 விழுக்காடு! வங்கியின் நகைக்கடன் வட்டி அதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. குடும்ப வரவு செலவை ஒரு திங்கள் எழுதிப் பார்த்த பிறகே இது எங்கள் கண்ணில் பட்டது. சங்கிலியை வங்கிக்கு மாற்றினோம். தங்கம் எடுத்த ஊரில் தங்கத்தின் கணக்குத் தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாவது நேரம். பணத்தைப் போலவே நேரமும் ஒரு வளம் என்பது இத்துறையின் அடிப்படை. 2019-இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்வோருள் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அம்மாவின் ஒரு நாளைக் குறித்துப் பார்த்தேன். அப்பாவின் வண்டிக்காக நான்கு மணிக்கு எழுந்தவர்கள் இரவு பத்துக்குப் படுத்தார்கள். வீட்டு வேலை மட்டும் ஒன்பது மணி நேரம். தாளைப் பார்த்த அம்மா, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார்கள்; பிறகு நெடுநேரம் பேசவில்லை. அன்று முதல் தம்பி தண்ணீர் தூக்குகிறான். அப்பா இன்னும் குடத்தைத் தொடவில்லை. ஆனால் தட்டைக் கழுவி வைக்கிறார்.

நண்பர்களே, இத்துறையில் ஒரு குறை உண்டு. இதைப் பெண்களே பயில வேண்டும் என்ற எண்ணம் இன்னும் நீங்கவில்லை. இல்வாழ்க்கைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதை ஆண்மகனுக்கும் சேர்த்தன்றோ சொன்னார்? உண்பதும் கடன்படுவதும் பிள்ளை வளர்ப்பதும் இருபாலர்க்கும் பொது. அவற்றின் அறிவியல் மட்டும் ஒரு பாலார்க்கே உரியதாவது எப்படி?

இனி உங்கள் ஊருக்குச் செல்லும்போது ஒரு புட்டித் தண்ணீர் எடுத்து வாருங்கள். எங்கள் துறையில் சோதித்துத் தருகிறேன். அதன் பிறகு கேளுங்கள், மனையியலில் ஆராய என்ன இருக்கிறது என்று.