ஒரே எழுத்து... இரண்டு உச்சரிப்பு!

குழந்தைகளே, இந்த ஆங்கிலச் சொல்லைச் சத்தமாகப் படியுங்கள் பார்க்கலாம்: எல், இ, ஏ, டி.

'லீட்' என்று படித்தவர்கள் கை தூக்குங்கள். 'லெட்' என்று படித்தவர்களும் கை தூக்குங்கள். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண்! ஏனென்றால் 'வழிநடத்து' என்ற பொருளில் அது 'லீட்'. ஈயம் என்ற உலோகத்தைச் சொல்லும்போது அது 'லெட்'. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் பொருளும் இரண்டு.

ஆங்கிலத்தில் இப்படி நிறைய உண்டு. டி, இ, ஏ, ஆர் என்பது கண்ணீர் என்றால் 'டியர்'. கிழிப்பது என்றால் 'டேர்'. டபிள்யூ, ஐ, என், டி என்பது காற்று என்றால் 'விண்ட்'. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது என்றால் 'வைண்ட்'. எம், ஐ, என், யூ, டி, இ என்பது நிமிடம் என்றால் 'மினிட்'; மிக நுண்ணியது என்றால் 'மைன்யூட்'.

ஏன் இந்தக் குழப்பம்? 1476ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சுப் புத்தகங்கள் பெருகப் பெருக, சொற்களை எழுதும் முறை மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆனால், மக்களின் பேச்சு மாறிக்கொண்டே இருந்தது. ஈயத்தைக் குறிக்கும் சொல்லும் பழங்காலத்தில் நெடிலாகத்தான் ஒலித்தது. பிறகு குறிலாகிவிட்டது. எழுதும் முறையோ பழையபடியே நின்றுவிட்டது. எழுத்து நின்றது, நாக்கு நடந்தது!

அரசர் தந்த எழுத்து

'அப்படியானால், ஒலிகளைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய எழுத்தாக இருந்தால் இந்தத் தொல்லை வராதே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. வாருங்கள், கொரியாவுக்குப் போவோம்.

ஒரு காலத்தில் கொரியர்கள் சீன எழுத்துகளைக் கொண்டுதான் எழுதினார்கள். அவை ஆயிரக்கணக்கில் இருந்ததால், ஏழை எளிய மக்களால் கற்க முடியவில்லை. இதைக் கண்டு வருந்திய செஜோங் என்ற அரசர், 1443ல் புதிய எழுத்துகளை உருவாக்கி, 1446ல் நாட்டுக்கு அறிவித்தார். மொத்தம் 28 எழுத்துகள். இன்று அடிப்படை எழுத்துகள் 24. இதற்கு 'ஹங்குல்' என்று பெயர். தென் கொரியாவில் அக்டோபர் 9ம் தேதி எழுத்துக்காகவே விடுமுறை விடுகிறார்கள்!

இத்தனை அக்கறையோடு செய்த எழுத்திலும் நம் இரட்டையர்கள் இருக்கிறார்கள்.

கொரிய மொழியில் 'ஜம்ஜரி' என்றால் தும்பி. அதே எழுத்துகளைச் சற்று அழுத்தி 'ஜம்ச்சரி' என்றால், தூங்கும் இடம். 'போல்க்கொரி' என்றால் பார்த்து ரசிக்க வேண்டிய காட்சி. அழுத்தாமல் 'போல்கொரி' என்றால்... பொன்னுக்குவீங்கி நோய்! 'எங்கள் ஊரில் பார்க்க நிறைய இருக்கிறது' என்று பெருமையாகச் சொல்ல வந்தவர் அழுத்த மறந்தால், ஊருக்கே கன்னம் வீங்கிவிடும்.

இன்னொன்று பாருங்கள். 'முல்ச்சில்' என்றால் அறிவியல் பாடத்தில் வரும் பருப்பொருள். 'முல்ஜில்' என்றால், ஜேஜு தீவுப் பெண்கள் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி, சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் வேலை. இந்தப் பெண்களை 'ஹேன்யோ' என்பார்கள். 2016ல் யுனெஸ்கோ இவர்களின் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அழுத்தம் எங்கிருந்து வந்தது? தும்பி என்பது ஒரே சொல். தூங்கும் இடம் என்பதோ 'தூக்கம்', 'இடம்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. சேரும் இடத்தில் அழுத்தம் பிறக்கிறது. நம் தமிழிலும் இது உண்டே! 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. நாம் 'ப்' என்று எழுதிக் காட்டிவிடுகிறோம். மேலே சொன்ன கொரியச் சொற்களில் அதை நாக்கு மட்டும்தான் காட்டுகிறது, தாள் காட்டுவதில்லை.

கண்ணா, பனியா?

நமக்குக் குறிலுக்குத் தனி எழுத்து, நெடிலுக்குத் தனி எழுத்து. கொரிய எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. 'நுன்' என்றால் கண். நீட்டி 'நூன்' என்றால் வானிலிருந்து விழும் பனி. 'மல்' என்றால் குதிரை. 'மால்' என்றால் பேச்சு. எழுதினால் இரண்டும் ஒன்றே.

'முல்' என்றால் தண்ணீர். 'நுன்முல்' என்றால் என்ன? கண் + நீர் = கண்ணீர்! தமிழைப் போலவே அமைந்திருக்கிறது பாருங்கள். முதல் எழுத்தை நீட்டிச் சொன்னால், பனி உருகிய நீர்.

செஜோங் அரசர் காலத்தில் எழுத்தின் இடப்பக்கம் புள்ளிகள் வைத்து, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார்கள். பிற்காலத்தில் அந்தப் புள்ளிகள் வழக்கொழிந்தன. இன்று சோல் நகர இளைஞர்களில் பெரும்பாலோர் கண்ணையும் பனியையும் ஒன்றுபோலவே 'நுன்' என்கிறார்கள். அப்படியும் யாரும் குழம்புவதில்லை. 'தூசி விழுந்தது' என்றால் கண். 'மலை வெள்ளையாகிவிட்டது' என்றால் பனி. பக்கத்தில் இருக்கும் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும்!

இதுதான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய சூத்திரம். வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கும்போது, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கண்ணால் முழு வாக்கியத்தையும் பாருங்கள், பொருள் புரியட்டும். பிறகு வாயைத் திறங்கள். யாராவது 'லெட்' வர வேண்டிய இடத்தில் 'லீட்' என்று வாசித்தால் சிரிக்காதீர்கள். அவர் எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். பக்கத்துச் சொல்லைத்தான் பார்க்கவில்லை. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கணினிகூடச் சில நேரம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஆர், இ, ஏ, டி என்ற சொல் 'தினமும் படிக்கிறேன்' என்னும்போது எப்படி ஒலிக்கும்? 'நேற்று படித்தேன்' என்னும்போது? பி, ஓ, எல், ஐ, எஸ், ஹெச் என்ற சொல் ஷூவுக்குப் போடும்போது எப்படி ஒலிக்கும்? போலந்து நாட்டு மொழியைச் சொல்லும்போது?

விடைகள்: ரீட், ரெட், பாலிஷ், போலிஷ்.

நான்கும் சரியா? அப்படியானால், உங்கள் ஆங்கிலப் பாடநூலில் இன்னும் மூன்று இரட்டையர்களைக் கண்டுபிடித்து, நண்பர்களிடம் விடுகதையாகப் போடுங்கள்!