சூரிய ஒளிமகுடத் தாரைகளின் தூண்டுகாரணம்: காந்தப் பாயத்தின் எழுச்சியா, நீக்கமா?

சூரியனின் ஒளிமண்டலம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பநிலை உடையது. அதற்கு மேலே பரந்து கிடக்கும் கொரோனா எனப்படும் ஒளிமகுடமோ பத்து இலட்சம் பாகையையும் கடந்த வெம்மை கொண்டது. இவ்வொளிமகுடத்தில் குறுகிய அடியிலிருந்து நெடிது எழுந்து, சில நிமிடங்களில் மறைந்துபோகும் பிளாஸ்மாப் பீறல்களே ‘ஒளிமகுடத் தாரைகள்’ எனப்படுகின்றன. நீரொழுக்கு, கூர்மை ஆகிய இரு பொருள்களையும் உடைய ‘தாரை’ என்னும் சொல் இந்நிகழ்வின் ஓட்டத்தையும் வடிவத்தையும் ஒருங்கே உணர்த்துவதால், இங்கு அதுவே ஆளப்படுகின்றது.

1991ஆம் ஆண்டு ஜப்பான் ஏவிய யோக்கோ விண்கலத்தின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இத்தாரைகளை முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியது. 2006இல் ஏவப்பட்ட ஹினோடே விண்கலம், துருவப் பகுதிகளின் மகுடத் துளைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 தாரைகள் எழுவதைப் புலப்படுத்தியது. அவற்றின் சராசரி நீளம் 50,000 கிலோமீட்டர் அளவினது. அஃதாவது புவியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அகலம் 8,000 கிலோமீட்டர். வாழ்நாளோ பத்து நிமிடம். (மகுடத் துளை என்பது உண்மையில் துளையன்று. காந்தப்புலக் கோடுகள் சூரியனுக்குத் திரும்பி வளையாமல் வெளிவிண்வெளிக்குத் திறந்து நிற்பதால் பிளாஸ்மா அடர்த்தி குறைந்து, எக்ஸ் கதிர்ப் படங்களில் இருண்டு தோன்றும் பகுதியே அது.)

இத்துணைப் பெரும் பொருள்திரளை மேல்நோக்கி வீசும் ஆற்றல் காந்தப்புலத்திலேயே சேமிக்கப்பட்டுள்ளது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவ்வாற்றலை விடுவிக்கும் நிகழ்வு ‘காந்த மறுஇணைவு’ எனப்படும். எதிரெதிர்த் திசையுடைய புலக்கோடுகள் நெருக்கி அழுத்தப்படும்போது, மெல்லியதொரு மின்னோட்டத் தகடு இடையில் உருவாகின்றது. அங்கே கோடுகள் தம் பழைய இணையை விட்டு வேறோர் இணையைப் பற்றுகின்றன. காந்த ஆற்றல் வெப்பமாகவும் பாய்வாகவும் மாறுகின்றது. தமிழில் ‘மறு’ என்பது ‘மீண்டும்’ என்ற பொருளையும், மறுகரை, மறுபக்கம் என்பவற்றிற்போல ‘வேறு’ என்ற பொருளையும் தரும். இங்கு இரண்டாம் பொருளே நிகழ்வுக்குப் பொருந்துவது. பிரிந்தவை மீண்டும் சேர்வதில்லை, வேறொன்றோடு சேர்கின்றன.

எனவே வினா, மறுஇணைவு நிகழ்கின்றதா என்பதன்று. அதனைத் தூண்டுவது யாது என்பதே.

இவ்வினாவுக்கு முதலில் விடை கூறியவர் ஜப்பானிய அறிஞர் ஷிபாட்டாவும் அவர்தம் குழுவினரும் ஆவர். சூரியனின் உட்பகுதியிலிருந்து புதிய காந்தப் பாயம் இருமுனை வளைவாக மேலெழுகின்றது. அதன் ஒரு பக்கம், ஏற்கெனவே அங்குள்ள திறந்த புலத்திற்கு எதிர்த் திசையில் அமைகின்றது. இரண்டும் உரசும் இடத்தில் மறுஇணைவு நிகழ்ந்து தாரை எழுகின்றது என்பது அவர்தம் விளக்கம். 1995இல் யோக்கோயாமாவும் ஷிபாட்டாவும் செய்த கணினிப் போன்மம் இதற்கு வலுச் சேர்த்தது. ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்த ‘எழுபாயக் கோட்பாடு’ செல்வாக்குடன் விளங்கியது.

ஆயினும் ஓர் உறுத்தல் இருந்தது. தாரையின் அடியில், நடுவிலன்றி ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு பொலிவுப் புள்ளி தோன்றுவது வழக்கம். எழுபாயக் கோட்பாட்டின்படி, தாரையைத் தோற்றுவிக்கும் அதே மறுஇணைவின் கீழ்ப்பக்க விளைவே அப்பொலிவு. 2015இல் ஸ்டெர்லிங், மூர் முதலியோர் துருவ மகுடத் துளைகளில் எழுந்த 20 தாரைகளைப் புற ஊதாப் படங்களோடு ஒப்பிட்டு நோக்கியபோது வேறொரு காட்சி புலப்பட்டது. ஒவ்வொரு தாரைக்கும் முன்னர், குளிர்ந்த பிளாஸ்மாவாலான சிறியதோர் இழை அடியிலிருந்து வெடித்தெழுந்தது. பொலிவுப் புள்ளியோ அவ்விழை கிளம்பிச் சென்ற இடத்திலேயே தோன்றியது.

இக்கண்டுபிடிப்பு விளக்கத்தைத் தலைகீழாக்கியது எனலாம். பெரிய இழைகள் வெடிக்கும்போது அவற்றின் கீழே சூரியத் தீப்பிழம்பு மூள்வது நெடுநாள் அறியப்பட்ட செய்தி. அதே நிகழ்வின் சிற்றுருவே தாரையின் பொலிவுப் புள்ளி. இழைக்குக் கீழே நிகழும் அக மறுஇணைவு பொலிவைத் தருகின்றது. மேலெழும் இழை திறந்த புலத்தோடு மோதி நிகழ்த்தும் புற மறுஇணைவு தாரையைத் தருகின்றது. ஆக, முன்னர் ஒரே நிகழ்வின் இரு விளைவுகளாகக் கருதப்பட்டவை இரு வேறு மறுஇணைவுகளின் விளைவுகள் ஆயின.

அவ்வாறாயின், சிற்றிழையை வெடிக்கச் செய்வது எது? 2016இல் பனேசர் முதலியோர் அமைதிப் பகுதித் தாரைகள் பத்தினை ஆராய்ந்து, ஒவ்வொன்றிலும் இழைக்கு அடியில் எதிரெதிர்க் காந்த முனைகள் நெருங்கிவந்து ஒன்றையொன்று ‘நீக்குவதை’க் கண்டனர். ‘நீக்கம்’ என்னும் சொல் சற்றே மயக்கம் தருவது. காந்தப் பாயம் இல்பொருளாவதில்லை. இரு முனைகளையும் இணைக்கும் குறுவளைவு ஒளிமண்டலத்தின் கீழே அமிழ்கின்றது. எஞ்சிய புலம் மேலே முறுக்கேறிய கயிறாக இழையைத் தாங்கி நிற்கின்றது. நீக்கம் தொடரத் தொடர அக்கயிறு நிலைகுலைந்து எழுகின்றது. எழுச்சிக்கு நேர்மாறான செயல், ஈண்டுத் தூண்டுகோலாகக் கூறப்படுவது நோக்கத்தக்கது.

இதுவும் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. 2017இல் வைப்பர், அந்தியோகசு, டிவோர் ஆகியோர் வெளியிட்ட போன்மத்தில், பரப்பு அசைவுகள் புலக்கோடுகளின் அடியைச் சறுக்கித் திரிப்பதனாலேயே இழைக்கயிறு உருவாகி வெடிக்கின்றது. எழுச்சியும் தேவையில்லை, நீக்கமும் தேவையில்லை. 2019இல் குமார் முதலியோர் நிலநடுக்கோட்டு மகுடத் துளைகளின் 27 தாரைகளை ஆராய்ந்தபோதும், பெரும்பாலானவற்றில் எழுச்சியோ நீக்கமோ குறிப்பிடத்தக்க அளவில் தென்படவில்லை. இழைத்தடம் வெடிப்பதே தாரைக்கு அடிப்படை என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர். வெடிப்பின் தூண்டுகாரணத்திலேயே பிரிகின்றனர். இப்பிணக்கில் அளவீட்டின் எல்லைக்கும் பங்குண்டு. மிகச் சிறிய காந்த முனைகள் கருவியின் பிரிதிறனுக்குக் கீழே நீங்கிவிடின், ‘நீக்கம் இல்லை’ என்பதும் ‘நீக்கம் காணப்படவில்லை’ என்பதும் வேறுவேறு கூற்றுகளாகிவிடும்.

துருவத் தாரைகளில் இவ்விடர் மேலும் கடியது. புவியின் அருகிலிருந்து நோக்குவார்க்குச் சூரியத் துருவம் விளிம்பாகவே தெரியும். பரப்புக்குச் செங்குத்தான காந்தப்புலம் பார்வைக் கோட்டிற்குக் குறுக்காக அமைவதால் அதனை நுட்பமாக அளத்தல் அரிது. சிற்றிழைகளை வெளிப்படுத்திய அந்த 20 துருவத் தாரைகளின் அடியில் காந்த முனைகள் எவ்வாறு இயங்கின என்பதைக் காண இயலாமற் போனதும், நீக்கம் பற்றிய ஆய்வு சூரிய வட்டின் நடுப்பகுதித் தாரைகளை நாடியதும் இதனாலேயே. 2020இல் ஏவப்பட்ட ஐரோப்பிய விண்கலமான சோலார் ஆர்பிட்டர், 2025 பிப்ரவரியில் வெள்ளிக் கோளின் ஈர்ப்பைத் துணைக்கொண்டு தன் சுற்றுப்பாதையைச் சூரிய நிலநடுக்கோட்டினின்று 17 பாகை சாய்த்துக்கொண்டது. காந்தப்புலத்தை அளக்கும் கருவியும் அதில் உள்ளது. துருவத்தைச் சற்று மேலிருந்து நோக்கும் அப்பார்வையில், தாரையின் அடியில் நிகழ்வது எழுச்சியா, நீக்கமா, வெறுஞ் சறுக்கலா என்று பிரித்தறிய வழி பிறந்துள்ளது.