சிம் இல்லாமல் போகும் செய்தி

1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். செய்தி வந்தது, பதில் அனுப்பத்தான் வழியில்லை.

அந்த வழியை இன்று உள்ளங்கையளவு கருவி தருகிறது. ‘லோரா’ என்ற வானலை முறையில், சொற்ப மின்சாரத்தில், பல கிலோமீற்றர் தூரத்துக்குக் குறுஞ்செய்தி போகும். 2020இல் தொடங்கிய ‘மெஷ்டாஸ்டிக்’ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், ஒரு கருவி அனுப்பியதை அடுத்தது வாங்கி மறுபடி அனுப்பும். சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கைபேசியைப் புளூடூத்தில் இணைத்தால் போதும்.

இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றும் மெஷ் வலையமைப்பு இலங்கைக்குப் புதிதல்ல. அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியக் கிராமம் 2006இலேயே வைஃபை மெஷ் மூலம் வீடுகளுக்கு இணையம் கொண்டுவந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வானலையை மறைப்பவை பனைகளும் கட்டடங்களும்தான். 30 மீற்றர் உயரத் தண்ணீர்த் தாங்கியின் உச்சியில், சிறிய சோலார் பனலோடு ஒரு கருவியைப் பொருத்தினால், அதன் பார்வை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் எட்டும்.

குரலும் படமும் இதில் போகாது. ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கா’வுக்கு ஆறு. ‘படகு பழுது, நயினாதீவுக்குத் தெற்கே’ என்று சுருக்கித்தான் எழுத வேண்டும். எந்த அலைவரிசையில் அனுப்பலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது அவசியம்.