கர்ப்பிணி விழுந்தால் கவலை குழந்தையின் தலையல்ல, நச்சுக்கொடி

உக்குவளையில் சரிவில் கட்டிய வீடுகள் ஏராளம். மழை விழுந்தால் படிக்கட்டெல்லாம் வழுக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி சறுக்கி விழுந்துவிட்டால், "பிள்ளையின் தலையில் பட்டிருக்குமோ?" என்றுதான் வீட்டார் முதலில் பதறுவார்கள்.

அப்படி நேரே படுவது அபூர்வம். முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக்குள் ஒதுங்கியிருக்கும். பிறகு பனிக்குட நீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சிசுவின் மண்டையோடு உடைவதெல்லாம் பெரும்பாலும் தாயின் இடுப்பெலும்பே முறியும் கடும் வாகன விபத்துகளில்தான்.

ஆபத்து வேறு வழியில் வருகிறது. கருப்பைச் சுவர் தசை. அடிபட்டால் வளைந்து கொடுக்கும். அதில் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடி அவ்வளவு வளையாது. ஒட்டு விட்டுப்போனால் குழந்தைக்குப் போகும் ஒட்சிசன் குறையும். அந்தக் குறையை மூளை நெடுநேரம் தாங்காது. இன்னொன்று: தாய்க்கு வேறெங்கோ அதிக இரத்தம் போனாலும், அவளது உடல் தன்னைக் காக்கக் கருப்பைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அவள் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்க, உள்ளே பிள்ளை திணறும்.

கனடாவின் ஒன்ராறியோவில் 2002 முதல் 2017 வரை பிறந்த சுமார் 21 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கர்ப்பத்தில் தற்செயலாகக் காயப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் பெருமூளை வாதம் மூன்றிலொரு பங்கு கூடுதலாக இருந்தது. கடும் காயத்தோடு அனுமதிக்கப்பட்டு ஒரு வாரத்துக்குள் பிரசவித்தவர்களிடம் இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் மொத்தப் பிள்ளைகளில் இந்நோய் கண்டவர்கள் ஆயிரத்துக்கு மூவரிலும் குறைவு. விழுந்த தாய்மார் மனம் நொந்து கிடக்கத் தேவையில்லை.

தேவையானது அவசரம். இரத்தம் வெளியே வராதது ஆறுதலல்ல. அது நச்சுக்கொடிக்குப் பின்னால் தேங்கி நிற்கலாம், ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஆறு மாதம் கடந்தவர்களைக் குறைந்தது 4 மணிநேரம் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனிக்கிறார்கள். தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையானால் 72 மணிநேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

"விழுந்தேன்" என்று சொல்லப்படும் காயங்களில் சில கணவனின் கையால் வந்தவை. அதை மருத்துவமாதுவிடம் மறைக்க வேண்டாம். 1938 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

வயிறு கல்லாக இறுகினாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் வயிற்றில் அடிபட்டவர் அன்றே மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகட்டும். 1990 என்ற எண்ணில் அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.